ஐவர் எடுத்த காணொளிக்கு ஒரே மதிப்பெண்ணா?

பருவம் 11-ஆம் வாரத்தைத் தாண்டிவிட்டால் நம் பல்கலைக்கழக வளாகங்கள் படப்பிடிப்புத் தளங்களாகிவிடுகின்றன. நூலகப் படிக்கட்டில் ஒருவர் கைப்பேசியைப் பிடித்திருக்க, எதிரில் நிற்பவர் ஒரே வாக்கியத்தை ஏழாவது முறையாகச் சொல்லிக்கொண்டிருப்பார். உணவகத்தின் மூலையில் இன்னொருவர் மடிக்கணினியில் வெட்டி ஒட்டிக்கொண்டிருப்பார். இவர்களெல்லாம் ஊடகத் துறை மாணவர்கள் அல்லர். கணக்கியல், தாதிமை, பொறியியல், சட்டம், ஆசிரியர் பயிற்சி என்று பல துறைகளில் இன்று ‘குழுவாகச் சேர்ந்து ஐந்து நிமிடக் காணொளி’ வழக்கமான இடுபணியாகிவிட்டது.

சில ஆண்டுகளாக நான் ஓர் உயர்கல்விக்கூடத்தில் பகுதி நேரமாகப் பாடம் நடத்தி வருகிறேன். ஆண்டுக்கு அறுபது எழுபது காணொளிகளையாவது மதிப்பிடுகிறேன். இளைஞர் நிகழ்ச்சிகளில் சந்திக்கும் மாணவர்கள் மூச்சுவிடாமல் சொல்லும் குறைகளில் இதுவும் ஒன்று. எனவே என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். குழுக் காணொளி நல்ல பயிற்சி. அதைக் கைவிட வேண்டியதில்லை. ஆனால் முடிந்த காணொளியை மட்டும் பார்த்துவிட்டு, பெயர்ப்பட்டியலில் உள்ள அனைவருக்கும் ஒரே மதிப்பெண்ணைப் போடுவது மதிப்பீடு ஆகாது.

விரிவுரையாளர்கள் ஏன் இதைக் கொடுக்கிறார்கள் என்பதை மாணவர்கள் தெரிந்துகொள்வது நல்லது. பாடக் குறிப்பில் எழுதப்பட்டிருக்கும் காரணம் ஒன்று உண்டு. மலேசியத் தகுதிக் கட்டமைப்பின் இரண்டாம் பதிப்பு, பட்டதாரியிடம் பாட அறிவை மட்டும் எதிர்பார்க்கவில்லை. பிறரோடு இணைந்து வேலை செய்யும் திறன், தொடர்புத் திறன், மின்னியல் திறன், தலைமைத்துவம், பொறுப்புணர்வு ஆகியவற்றையும் கற்றல் அடைவுகளாகக் கேட்கிறது. பாடத்தை வடிவமைப்பவர் இவற்றை எங்காவது ஓரிடத்தில் மதிப்பிட்டாக வேண்டும். மூன்று மணி நேரத் தேர்வுத் தாளில் கூட்டு முயற்சியை அளக்க முடியாது. குழுக் காணொளியோ ஒரே கல்லில் நாலைந்து மாங்காய் அடிக்கிறது.

எழுதப்படாத காரணம் ஒன்றும் உண்டு. 200 மாணவர் உள்ள வகுப்பில் ஆளுக்கொரு கட்டுரை, ஒரு கட்டுரையைத் திருத்த 15 நிமிடம் என்று வைத்துக்கொண்டால் மொத்தம் 50 மணி நேரம் ஆகும். அதே 200 பேரை ஐந்து ஐந்து பேராகப் பிரித்தால் 40 காணொளிகள். ஒன்றுக்கு எட்டு நிமிடம் ஒதுக்கினாலும் 320 நிமிடம்தான். ஐந்தரை மணி நேரத்துக்குள் வேலை முடிந்தது. விரிவுரையாளரைக் குத்திக்காட்ட இதைச் சொல்லவில்லை. 200 கட்டுரைகளை நேர்மையாகத் திருத்தியவர்களுக்குத்தான் அந்த வலி தெரியும். ஆனால் மிச்சமாகும் அந்த 44 மணி நேரத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் அதற்கு ஒரு வேலை இருக்கிறது.

2022 நவம்பரில் சாட்ஜிபிடி வந்த பிறகு மூன்றாவது காரணமும் சேர்ந்துகொண்டது. கட்டுரையை இயந்திரம் எழுதித் தந்துவிடும். காணொளியில் மாணவரின் முகம் தெரியும், குரல் கேட்கும், ஏமாற்ற முடியாது என்று ஒரு நம்பிக்கை. அது அரைகுறை நம்பிக்கை. வசனத்தை இயந்திரம் எழுதித் தர, மாணவர் திரையைப் பார்த்து அப்படியே வாசித்துவிடுகிறார். கண்கள் இடமிருந்து வலமாக வரி வரியாக நகர்வதை எத்தனையோ காணொளிகளில் பார்த்துவிட்டேன். இப்போது குரலையும் முகத்தையும்கூட இயந்திரமே உருவாக்கித் தருகிறது.

இவ்வளவு சொன்னாலும், நல்ல காணொளி இடுபணிக்கு நான் விரோதியல்லன். கட்டுரையால் காட்ட முடியாததைக் காணொளி காட்டும். தாதிமை மாணவர்கள் கை கழுவும் முறையைப் பத்துப் பக்கம் எழுதலாம். உலகச் சுகாதார நிறுவனம் சோப்பும் நீரும் கொண்டு கழுவ 40 முதல் 60 வினாடி ஆகும் என்கிறது. அந்த ஒரு நிமிடத்தை வெட்டாமல் படம்பிடித்துக் காட்டினால், விரல் இடுக்கையும் கட்டை விரலையும் விட்டுவிட்டாரா இல்லையா என்பது தெரிந்துவிடும். வரலாறு படிப்பவர்கள் கெடாவின் பூஜாங் பள்ளத்தாக்குக்குப் போய், புக்கிட் பத்து பஹாட் சண்டியின் அடித்தளத்தை நின்று காட்டிப் பேசும்போது, பாடநூலில் மங்கலான படமாக இருந்த ஒன்று கண்முன் எழுந்து நிற்கிறது. ஐந்து நிமிடத்தில் ஆங்கிலத்தில் பேசினால் ஏறக்குறைய 650 முதல் 750 சொற்களே அடங்கும். ஒரு பெரிய விஷயத்தை அவ்வளவுக்குள் சொல்ல வேண்டுமானால் எது முக்கியம், எது அலங்காரம் என்று தெரிந்திருக்க வேண்டும். அது உண்மையான படிப்பு.

சிக்கல் மதிப்பெண் போடும் இடத்தில்தான் தொடங்குகிறது.

அண்மையில் ஓர் இளைஞர் நிகழ்ச்சியில் கணக்கியல் இரண்டாம் ஆண்டு மாணவி ஒருவரைச் சந்தித்தேன். அவர் சொன்னது இது:

“சார், எங்க குரூப்ல எல்லாருக்கும் 20-க்கு 17. ஒரே ஆளுக்கு மட்டும் 14. அந்த ஆளு நான்தான்.”

“ஏம்மா, என்ன காரணம் சொன்னாங்க?”

“வீடியோவுல நான் வரவே இல்லையாம். எப்படி சார் வருவேன்? கேமராவப் பிடிச்சிருந்ததே நான்தானே!”

பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள், அவரும் சிரித்தார். ஆனால் அந்த மூன்று மதிப்பெண் போனது போனதுதான். ‘பங்கேற்பு’ என்று மதிப்பீட்டுப் படிவத்தில் ஒரு கட்டம் இருக்கிறது. பங்கேற்பை வேறு எதை வைத்தும் அளக்க வழி இல்லாததால், முகம் தெரிகிறதா என்று பார்த்திருக்கிறார்கள். அதே அளவுகோலின்படி, படப்பிடிப்பு நாளில் மட்டும் நல்ல சட்டை போட்டுக்கொண்டு வந்து, கையில் கொடுத்த நாலு வரியை வாசித்துவிட்டுப் போனவர் முழுப் பங்கேற்பாளர் ஆகிவிடுவார். அனைவருக்கும் ஒரே மதிப்பெண் போட்டாலும் அநியாயம். முகம் பார்த்துப் பிரித்துப் போட்டாலும் அநியாயம். காணொளி என்பது முடிந்த பண்டம். அதைப் பார்த்து யார் என்ன செய்தார் என்று கண்டுபிடிக்க யாராலும் இயலாது.

ஊர் கூடித் தேர் இழுக்க வேண்டும் என்பார்கள். வடத்தைப் பிடித்திருப்பவர்கள் எல்லாரும் இழுக்கிறார்களா என்பது தேருக்குத்தான் தெரியும். இதை அளந்து பார்த்தவரும் உண்டு. பிரெஞ்சு வேளாண் பொறியாளர் மாக்ஸ் ரிங்கெல்மான், ஆட்களைக் கயிறு இழுக்க வைத்துச் சோதித்து, முடிவுகளை 1913-இல் வெளியிட்டார். தனியாக இழுக்கும்போது ஒருவர் போடும் பலத்தை 100 என்று வைத்தால், இருவராக இழுக்கையில் அது ஆளுக்கு 93 ஆனது, மூவரானபோது 85, எட்டுப் பேர் சேர்ந்தபோது 49. எட்டுப் பேர் இருந்தும் நாலு பேரின் வேலைதான் நடந்தது.

இழுப்பதில் தாளம் சேரவில்லை என்பதும் இதற்கு ஒரு காரணம். ஆனால் அது மட்டுமல்ல. 1979-இல் அமெரிக்காவின் ஒஹாயோவில் லடானே, வில்லியம்ஸ், ஹார்கின்ஸ் ஆகிய மூன்று உளவியலாளர்கள் மாணவர்களைக் கை தட்டவும் கத்தவும் சொல்லிச் சத்தத்தை அளந்தார்கள். கண்ணைக் கட்டி, காதில் ஒலிப்பானை மாட்டி, உன்னோடு இன்னும் சிலர் கத்துகிறார்கள் என்று நம்பவைத்தார்கள். உண்மையில் அவர் தனியாகத்தான் கத்தினார். அப்போதும் சத்தம் குறைந்தது. பிறகு 1981-இல் அதே மூவர் ஒரு மாற்றம் செய்தார்கள்: கூட்டத்தோடு கத்தினாலும் உன் சத்தத்தைத் தனியாக அளக்கிறோம் என்று சொன்னார்கள். சோம்பல் மறைந்துவிட்டது. குழுவில் வேலை செய்யாதவரைத் திருத்த அறிவுரை தேவையில்லை. அவருடைய பங்கு தனியாகத் தெரியும் என்ற நிலை இருந்தாலே போதும். நம் காணொளி இடுபணிகள் பலவற்றில் இல்லாமல் போனது இதுதான்.

நேரக் கணக்கையும் பார்ப்போம். நம் நாட்டில் ஒரு கிரெடிட் என்பது மாணவரின் 40 மணி நேரக் கற்றல். மூன்று கிரெடிட் பாடம் என்றால் விரிவுரை, படிப்பு, இடுபணி, தேர்வு எல்லாம் சேர்த்து 120 மணி நேரம். காணொளிக்கு 20 விழுக்காடு மதிப்பெண் என்றால் நியாயப்படி ஒருவர் 24 மணி நேரம் அதற்குச் செலவிடலாம். ஐவர் குழுவுக்கு மொத்தம் 120 மணி நேரம், தாராளமான நேரம்தான். ஆனால் இதில் பெரும் பகுதி ஒரே ஆள் தலையில், அதுவும் படத்தொகுப்பு என்ற ஒரே வேலையில் விழுகிறது. கேப்கட் தெரிந்த ஒருவர் குழுவில் இருந்தால் அவர் தப்பவே முடியாது. மற்ற நால்வரின் காட்சிகளும் ஞாயிறு இரவு பத்து மணிக்குப் புலனத்தில் வந்து விழும். அதற்குள் காணொளியின் தரம் பாதியாகக் குறைந்திருக்கும். திங்கள் காலை எட்டு மணிக்கு ஒப்படைக்க வேண்டும்.

இவ்வளவு பாடுபட்டுச் செய்த படத்தொகுப்பு பாடத்தோடு தொடர்புடையதா? பொருளாதார வகுப்பு ஒன்றின் மதிப்பீட்டுப் படிவத்தை ஒரு மாணவர் காட்டினார். 20-இல் ஆறு மதிப்பெண் ‘படைப்பாற்றல், காட்சி நேர்த்தி, இசை’ ஆகியவற்றுக்கு. பாடம் நாணயக் கொள்கை. மதிப்பெண் பின்னணி இசைக்கு! ஊடகத் துறை மாணவருக்கு அது சரி. மற்றவர்களுக்குப் பேச்சு காதில் தெளிவாக விழுகிறதா, எழுத்து கண்ணுக்குத் தெரிகிறதா என்ற அளவோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். அதற்கு மேல் போனால், நல்ல கைப்பேசி வாங்கித் தரப் பெற்றோர் இருக்கும் மாணவருக்குத்தான் மதிப்பெண் போகும். விடுதியில் இணையம் இழுக்கும் வேகத்தில் ஒரு கோப்பை ஏற்ற இரண்டு மணி நேரம் காத்திருப்பவரும், வீட்டில் அதிவேக இணையம் உள்ளவரும் ஒரே பந்தயத்தில் ஓடுகிறார்கள்.

நம் மாணவர்களைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். தமிழ்ப்பள்ளியில் படித்து, இடைநிலைப்பள்ளியில் தயங்கித் தயங்கி மலாயும் ஆங்கிலமும் பேசிப் பழகியவர்கள் பலர், குழுவில் வேலையைப் பிரிக்கும்போது தாங்களாகவே பின்னால் போய்விடுகிறார்கள். “நான் எடிட் பண்றேன், நீங்க பேசுங்க.” கேட்பதற்குப் பெருந்தன்மையாக இருக்கும். உள்ளே இருப்பது பயம். ஒருமுறை என்றால் பரவாயில்லை. ஆனால் ஆறு பருவத்திலும் ஒருவர் இப்படியே படத்தொகுப்பு மட்டும் செய்துவிட்டு, தொடர்புத் திறனில் நல்ல மதிப்பெண்ணோடு, ஒருமுறைகூட வாய் திறக்காமல் பட்டம் வாங்கிவிடலாம். பிறகு வேலைக்கான நேர்முகத் தேர்வில் மேசைக்கு அந்தப் பக்கம் மூன்று பேர் உட்கார்ந்து கேள்வி கேட்கும்போது கைகள் நடுங்குகின்றன. பல்கலைக்கழகம் அவருக்குக் கொடுத்த மதிப்பெண் அங்கே உதவுவதில்லை. குழு மதிப்பெண்ணால் நட்டப்படுபவர் உழைத்தவர் மட்டுமல்லர், தயங்கி ஒதுங்கியவரும்தான்.

நாலு மதிப்பெண்ணுக்கு இவ்வளவு பேச்சா என்று சிலர் கேட்கலாம். கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 80 எடுத்தால் ஏ, 75 முதல் 79 வரை ஏ மைனஸ் என்பது பல பல்கலைக்கழகங்களின் முறை. குழு மதிப்பெண்ணில் நாலு குறைந்து 80 என்பது 76 ஆனால், 4.00 என்பது 3.67 ஆகிறது. 120 கிரெடிட் கொண்ட பட்டப்படிப்பில் மூன்று கிரெடிட் பாடம் ஒன்றில் இப்படி நடந்தால் சி.ஜி.பி.ஏ.-வில் குறைவது 0.008 மட்டுமே. ஒன்றுமே இல்லை. ஆனால் இப்போது எல்லாப் பருவத்திலும் குழு இடுபணி இருக்கிறது. பத்துப் பாடத்தில் நடந்தால் 0.08. அதாவது 3.67-இல் நிற்க வேண்டியவர் 3.59-இல் நிற்பார். முதல் வகுப்புக்கான எல்லைக்கோடு பல்கலைக்கழகத்துக்குப் பல்கலைக்கழகம் மாறினாலும், பெரும்பாலும் இந்த வட்டாரத்தில்தான் இருக்கிறது. முதல் வகுப்பில் தேறுபவர்களுக்குப் பி.டி.பி.டி.என். கடனைத் திருப்பிச் செலுத்துவதிலிருந்து விலக்குக் கோரும் வாய்ப்பு, நிபந்தனைகளுக்கு உட்பட்டு, உண்டு. பி40 குடும்பத்தில் மூத்த பிள்ளையாகப் பிறந்து படிக்க வந்தவருக்கு அந்த 0.08 பல்லாயிரம் ரிங்கிட்.

அண்டை நாடான சிங்கப்பூர் இதே கேள்வியை வேறு விதமாகக் கையாண்டிருக்கிறது. அங்குத் தொடக்கக் கல்லூரி மாணவர்கள் ‘புராஜெக்ட் வொர்க்’ என்ற பாடத்தைக் குழுவாகச் செய்கிறார்கள். எழுத்து அறிக்கைக்குக் குழு மதிப்பெண் இருந்தது; வாய்மொழிப் படைப்பில் தனிநபருக்கான பகுதியும் இருந்தது. அந்தத் தரப்புள்ளி பல்கலைக்கழக நுழைவுக்கும் கணக்கில் சேர்ந்தது. 2024-ஆம் ஆண்டு முதலாம் ஆண்டில் சேர்ந்தவர்களிலிருந்து அது தேர்ச்சி, தேர்ச்சியின்மை என்று மட்டும் குறிக்கப்படுகிறது. பல்கலைக்கழக நுழைவுப் புள்ளியில் சேர்வதில்லை. பாடத்தை வைத்துக்கொண்டு, மதிப்பெண் போட்டியை மட்டும் எடுத்துவிட்டார்கள். எனக்கு அது பிடித்திருக்கிறது. ஆயினும் நம் பல்கலைக்கழகங்களில் ஒவ்வொரு பாடத்திலும் அதைச் செய்ய முடியாது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். மதிப்பெண் இல்லாத இடுபணியை 13-ஆம் வாரத்தில் யார் தொடுவார்கள்?

செய்யக்கூடியது, ஒருவரை ஒருவர் மதிப்பிடும் முறை. பிரிட்டனின் லஃப்பரோ பல்கலைக்கழகத்தில் உருவான வெப்-பி.ஏ. என்ற மென்பொருள் இதற்காகவே இருக்கிறது. குழுவில் உள்ள ஒவ்வொருவரும், தன்னையும் சேர்த்து, எல்லாருடைய பங்களிப்புக்கும் இரகசியமாகப் புள்ளி கொடுப்பார்கள். அவற்றைச் சமன்செய்து ஒவ்வொருவருக்கும் ஓர் எண் வரும். சராசரி உழைப்புக்கு 1. அதிகம் உழைத்தவருக்கு 1.2 வரலாம், குறைவாக உழைத்தவருக்கு 0.8 வரலாம். காணொளிக்கு 70 மதிப்பெண் என்று வைப்போம். அதில் பாதியான 35 எல்லாருக்கும் பொது. மீதிப் பாதி அந்த எண்ணால் பெருக்கப்படும். முதலாமவருக்கு 77, அடுத்தவருக்கு 63. ஒரே காணொளி, 14 மதிப்பெண் வித்தியாசம். மென்பொருள் இல்லாமலும் எக்செல் தாளில் இதைச் செய்துவிடலாம்.

இதிலும் ஓட்டை உண்டு. நால்வர் ஒரே அறைத்தோழர்கள், ஐந்தாமவர் வெளியாள் என்றால் என்ன நடக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. மெதுவாகப் பேசுபவர், இன்னொரு மொழி பேசுபவர், கூட்டத்தோடு சாப்பிடப் போகாதவர், இவர்களுக்குப் புள்ளி குறையும். ஆகவே இந்த எண்ணை மட்டும் நம்பக் கூடாது. ஒருவருக்கு மிகக் குறைவாக வந்தால், விரிவுரையாளர் சான்றுகளைக் கேட்டுப் பார்க்க வேண்டும்.

இங்கேதான் அந்த 44 மணி நேரம் உதவிக்கு வருகிறது. 40 குழுக்களையும் 15 நிமிடம் வீதம் நேரில் அழைத்துப் பேசினால் 10 மணி நேரம். காணொளி பார்க்கும் நேரத்தையும் சேர்த்தால் பதினைந்தரை மணிக்குள் முடியும். 50 மணி நேரக் கட்டுரைத் திருத்தத்தில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. அந்த 15 நிமிடத்தில் ஆளுக்கொரு கேள்வி, அவரவர் பேசிய பகுதியிலிருந்து அல்ல, மற்றவர் பேசிய பகுதியிலிருந்து. “மூன்றாவது நிமிடத்தில் உங்கள் நண்பர் ஒரு வரைபடம் காட்டினார். அது எதைச் சொல்கிறது?” இப்படி ஒரு கேள்வி வரும் என்று தெரிந்தால், யாரும் தன் நாலு வரியை மட்டும் மனப்பாடம் செய்துகொண்டு வர முடியாது. இயந்திரம் எழுதித் தந்த வசனமும் அங்கே வெளுத்துவிடும். கேமராவுக்குப் பின்னால் நின்றவருக்கும் பேச வாய்ப்புக் கிடைக்கும். தயங்குபவர்களுக்கு, நண்பர்கள் பக்கத்தில் இருக்க ஒரே ஒரு கேள்விக்குப் பதில் சொல்வது நேர்முகத் தேர்வுக்கு நல்ல ஒத்திகை.

என்னைக் கேட்டால் 20 மதிப்பெண்ணில் காணொளிக்கு எட்டுக்கு மேல் தர மாட்டேன். எட்டாம் வாரத்திலேயே வசனத்தையும் எங்கிருந்து தகவல் எடுத்தார்கள் என்ற பட்டியலையும் வாங்கி, அதற்கு ஐந்து கொடுப்பேன். பாட அறிவு அங்கேதான் இருக்கிறது. மீதி ஏழும் தனிநபருக்கு. குழுவில் நாலு பேருக்கு மேல் வேண்டாம் என்பேன். கயிறு இழுத்த கதை அதற்குப் போதிய காரணம்.

விரிவுரையாளர் மாறும்வரை மாணவர்கள் கையைக் கட்டிக்கொண்டிருக்க வேண்டியதில்லை. வசனத்தைக் கூகள் டாக்ஸில் எழுதுங்கள். யார் எப்போது எந்த வரியை எழுதினார், திருத்தினார் என்பதை அது தானாகவே பதிந்து வைக்கும். ஒவ்வொரு சந்திப்பு முடிந்ததும் யார், எதை, எந்தத் தேதிக்குள் முடிப்பது என்று மூன்று வரிகளைப் புலனக் குழுவில் போட்டுவிடுங்கள். சண்டைக்கு ஆதாரம் சேர்ப்பதாக நினைக்காதீர்கள். வேலை நடப்பதற்கே அது தேவை. படம்பிடித்த மூலக் கோப்புகளை அழிக்காதீர்கள். கடையில், கோயிலில், சந்தையில் படமெடுத்தால் அங்குள்ளவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். திரைப்படப் பாட்டைப் பின்னணியில் போடும் ஆசையை அடக்குங்கள். 1987-ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டம் ஒருபுறம் இருக்க, நீங்கள் பேசுவது யார் காதிலும் விழுவதில்லை.

வேலை செய்யாத உறுப்பினர் விஷயத்தில் கொஞ்சம் பொறுமை தேவை. என் வகுப்புக் குழு ஒன்றில் நால்வர் சேர்ந்து ஒருவர்மீது புகார் கொண்டுவந்தார்கள். இரவு எட்டு மணிக் கூட்டத்துக்கு அவர் ஒருநாளும் வருவதில்லை என்றார்கள். கூப்பிட்டு விசாரித்தேன். பிற்பகல் மூன்று முதல் இரவு பதினொன்று வரை பெட்ரோல் நிலையத்தில் வேலை. குழுவில் யாரும் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை, வெட்கம். துணை எழுத்துகளையும் தகவல் பட்டியலையும் அவர் செய்வது என்று பேசி முடித்தோம். அதிகாலை இரண்டு மணிக்கெல்லாம் கோப்பு வந்து சேர்ந்தது. நேர்காணலின்போது ஐவரில் அதிகக் கேள்விகளுக்குச் சரியாகப் பதில் சொன்னவர் அவர்தான். துணை எழுத்துப் போடுபவர் ஒவ்வொரு வாக்கியத்தையும் பத்துத் தடவையாவது கேட்டாக வேண்டுமே!

எல்லாரும் இப்படி என்று சொல்ல வரவில்லை. பிறர் மூட்டிய நெருப்பில் குளிர்காய்பவர்களும் இருக்கிறார்கள். மூன்று பருவமாக அதையே செய்து தேர்ந்தவர்களும் இருக்கிறார்கள். அவர்களிடம் முதலில் நேரில் கேளுங்கள். பிறகு எழுத்தில் ஒருமுறை நினைவூட்டுங்கள். அதன் பிறகும் மாற்றம் இல்லை என்றால் ஆறாம், ஏழாம் வாரத்திலேயே விரிவுரையாளரிடம் போங்கள். காணொளி முடிந்த பிறகு, முகப்புத் திரையில் அவர் பெயரை எடுத்துவிடுவோமா வேண்டாமா என்று நள்ளிரவில் வாக்கெடுப்பு நடத்துவதால் பயன் இல்லை. அந்த நேரத்தில் விரிவுரையாளராலும் ஒன்றும் செய்ய இயலாது. நட்பு போய்விடும் என்று பயந்து வாய்மூடி இருப்பவர்களுக்கு ஒன்று சொல்வேன்: பாதி இரவு விழித்து இன்னொருவர் வேலையைச் செய்துவிட்டு, உள்ளுக்குள் அவரைத் திட்டிக்கொண்டே சிரித்துப் பேசுவதும் நட்பு அல்ல.

அடுத்த பருவத்தின் முதல் வகுப்பில் பாடக் குறிப்பு கைக்கு வரும். அதில் மதிப்பீட்டு அட்டவணை ஒன்று இருக்கும்; பெரும்பாலோர் அதைப் புரட்டிவிட்டுப் போய்விடுவார்கள். குழு இடுபணி என்ற வரியில் விரலை வைத்து, இதில் தனிநபருக்கு எவ்வளவு, அதை எப்படிக் கண்டறிவீர்கள் என்று கேளுங்கள். தனியாகக் கேட்கத் தயக்கமாக இருந்தால் வகுப்புப் பிரதிநிதி மூலமாக மின்னஞ்சல் அனுப்பலாம். முழுவதும் குழு மதிப்பெண்தான் என்று பதில் வந்தால், ஐந்து மதிப்பெண்ணையாவது நேரில் கேள்வி கேட்பதற்கு ஒதுக்க முடியுமா என்று அதே மின்னஞ்சலில் பணிவாகக் கேட்டுவிடுங்கள். 40 குழுக்களுக்குப் பத்து மணி நேரம்தான் ஆகும் என்ற கணக்கையும் சேர்த்து அனுப்புங்கள்.